காய்ந்த சாக்கு

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாரத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேலே ஒருவன் கயிற்றை அவிழ்க்கிறான். கீழே சாரக்காரர் கம்பை வாங்கி லாரியில் அடுக்குகிறார். 

"மாமா, இவங்க வேகத்தைப் பார்த்தா நீங்க மேல ஏறுறதுக்குள்ள கட்டடத்தையே லாரியில ஏத்திடுவாங்க போலிருக்கு" என்றாள் என் மருமகள், ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டே.

இவளைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகன் ஒழுங்காக ஆபீஸ் போகிறான். இவள் என்னோடு துப்பறிய வருகிறாள். மகனைவிட இவளை நம்பலாம் என்று சொல்ல மாட்டேன். நான் யாரையும் நம்புவதில்லை. இவளைக் கொஞ்சம் குறைவாகச் சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. அந்தக் கட்டடம் மூன்று மாடி, பூசாத செங்கல் சுவர், ரொம்பப் பழசு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சாந்து மழையில் கரைந்து, விரலை வைத்தால் உள்ளே போகும். பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்புச் சாந்தை அடைக்கிற வேலையை ஒரு கொத்தனார் எடுத்திருந்தார். புருஷன் கொத்தனார், பெண்டாட்டி சித்தாள். உச்சியில் தொடங்கி வரி வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வந்தபோது சனியன் பிடித்தது.

அந்த ஜன்னலுக்கு உள்ளே நகைக்குக் கல் பதிக்கிறவர் ஒருவர் குடியிருந்தார். ஒரு வியாபாரி அவரிடம் பதிக்கக் கொடுத்த கற்கள், எள்ளு எள்ளாக, மெல்லிய காகிதத்தில் மடித்தவை, நேற்று மத்தியானம் மேஜையிலிருந்து மாயமாகிவிட்டன. ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாரம். சாரத்தில் நின்றது கொத்தனார். போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கை கழுவக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சட்டையை உதறினார்கள், சாமான் பையைக் கொட்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, எங்கேயோ ஒளித்திருக்கிறான் என்று எழுதிவிட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் கோர்ட்டில் நிறுத்தி உள்ளே தள்ளப்போகிறார்கள்.

எங்களைக் கூப்பிட்டது கொத்தனாரின் பெண்டாட்டி. அவள் அப்போது சாரத்தின் நடுத்தட்டில் நின்று, வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"புருஷன் லாக்கப்புல. இவங்க செவுத்தைக் குளிப்பாட்டுறாங்க" என்றாள் மருமகள்.

"சுண்ணாம்பு காயக் கூடாதும்மா!" என்று மேலிருந்து பதில் வந்தது. காது கூர்மையானவள். "காஞ்சா உதிரும். வெளிய வந்ததும் அந்த மனுஷன் முதல்ல கேக்கறது, புள்ளைங்க சாப்பிட்டுச்சான்னு இல்ல, செவுரு நனைச்சியான்னுதான்."

நான் சாரக்காரரிடம் போனேன். "கொஞ்சம் நிறுத்துங்க. மேல பார்க்கணும்."

"முடியாதுங்க. வேலை நின்னு போச்சு, பிரிச்சுடச் சொல்லிட்டாங்க. கல்லுக்காரர் வேற காலையிலேர்ந்து நச்சரிக்கிறாரு, ஜன்னல்ல கம்பு இருந்தா இன்னொரு திருடன் வருவான்னு."

மருமகள் முன்னால் வந்தாள். "பிரிங்கண்ணே, நல்லாப் பிரிங்க. திருட்டு நடந்த இடம் இந்தச் சாரம். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து எங்கய்யா சாரம்னு கேட்டா, நான் உங்களைக் காட்டுறேன். உங்க லாரியையும் காட்டுறேன். லாரி நம்பர் நல்ல நம்பரா இருக்கு."

சாரக்காரர் கம்பைக் கையில் பிடித்தபடி யோசித்தார். பிறகு மேலே பார்த்து, "டேய், இறங்கு. சாப்பிட்டு வரலாம்" என்றார்.

நேரம் கிடைத்தது. கொஞ்ச நேரம்தான்.

கீழே நின்று சுவரைப் பார்த்தேன். நான் படித்தது கொஞ்சம். ஆனால் கண் இருக்கிறது. மேல் பாதி புதுச் சாந்து, ஈரத்தில் கறுத்திருந்தது. கீழ் பாதியில் சுரண்டிய இடுக்குகளும் சுரண்டாத இடுக்குகளும் பல் போன வாய் மாதிரி. அவள் தண்ணீரை அடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சாக்குத் துண்டு தொங்கியது. அதற்கு இந்தப் பக்கம் அடித்தாள். அந்தப் பக்கம் அடித்தாள். சாக்கின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"ஏம்மா, புதுச் சாந்து மேல எதுக்குச் சாக்கு போடுவாங்க?" என்று மருமகளைக் கேட்டேன்.

"ஈரம் காயாம இருக்க."

"அப்ப அந்தச் சாக்கு ஏன் காஞ்சு கிடக்கு?"

அவள் பார்த்தாள்.  "மாமா... அக்காதானே நம்மளைக் கூப்பிட்டது?"

"கூப்பிட்டவங்க திருட மாட்டாங்கன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நீ மாடிக்குப் போ. கல்லுக்காரர்கிட்ட மோதிரத்துல கல் ஆடுதுன்னு சொல்லு. ஜன்னல் பக்கமா உட்காரு."

"என் மோதிரத்துல கல்லே கிடையாது. உங்க புள்ள போட்டது அது."

"அப்ப கல் விழுந்து போச்சுன்னு சொல்லு."

அவள் படியேறினாள். நான் சாரத்தில் ஏறினேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாகத் திட்டின. பலகையில் கால் வைத்ததும் மொத்தச் சாரமும் ஆடியது. பாதி கயிறு அவிழ்ந்துவிட்டதே. கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன்.

கொத்தனார் பெண்டாட்டி குறுக்கே வந்து நின்றாள். "இங்க ஒண்ணும் இல்லைங்க. வெயில் படக் கூடாதுன்னு போட்டிருக்கேன்."

"இந்தப் பக்கம் வெயிலே வராது. காலையிலேர்ந்து நிழல். நகரு."

"பெரியவரே, வேணாம்."

"நகரும்மா."

நகரவில்லை. நானே எட்டிச் சாக்கை இழுத்தேன். ஆணியோடு வந்துவிட்டது.

பின்னால் ஒரே ஒரு இடுக்கு. புதிதாக அடைத்தது. ஓரங்கள் கத்தியால் சீவினது போல நேராக இருந்தன. சாந்து வழவழவென்று பளபளத்தது. செங்கல்மேல் ஒரு பொட்டுத் தீற்றல் இல்லை. மொத்தச் சுவரிலும் இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்க்கவில்லை.

"இதுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"என்னது?"

"கல்லு. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து அடைச்சிட்டு, அவர் மாட்டினதும் நீ சாக்கு போட்டு மூடிட்ட. அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்ட? ஊர் கண்ணுல மண்ணு தூவவா?"

அவள் முகம் ரத்தம் ஏறிச் சிவந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வாளியிலிருந்து ஒரு குவளை தண்ணீரை மொண்டு, என் மூக்கை ஒட்டினாற்போல் சுவரில் அடித்தாள்.

"கண்ணு இருந்தா பாரும்!"

பார்த்தேன். மேல் வரிகளில் விழுந்த தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த ஒரு வரியில் மட்டும் ஓடவில்லை. கீழ்ச் செங்கலின் விளிம்பில் தேங்கி, நூல் போல மினுக்கிக்கொண்டு நின்றது.

"சாந்தை மேல் ஓரத்துல உள்ள அமுக்கணும், கீழ் ஓரத்துல வெளிய விடணும். கூரை மாதிரி சரிவு. அப்பதான் தண்ணி ஓடும். இது தலைகீழா இருக்கு. கீழ அமுக்கி மேல விட்டிருக்கு. தண்ணி தங்கும், செங்கல் ஊறும், ரெண்டு மழையில மூஞ்சி பேந்துடும். அதான் இங்க தண்ணி அடிக்கல." குரல் இறங்கியது. "அவர் மத்தியானம் சாப்பிட இறங்குறதுக்கு முன்னாடி கடைசியா தொட்ட இடம் இதுதான். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வேலை பண்ணதில்ல. பசியோ மயக்கமோ. மேஸ்திரி எவனாவது பார்த்தா இனிமே எங்களை எவன் கூப்பிடுவான்? திருடன்னு சொன்னா ஜனம் மறந்துடும். வேலை தெரியாதவன்னு சொன்னா மறக்காது."

 இந்தப் பொம்பளை புருஷன் ஜெயிலுக்குப் போகிற அன்றைக்கு, அவன் வேலையின் மானத்தைச் சாக்கு போட்டு மூடிக்கொண்டிருக்கிறாள்.

"சரி, நீ இதே மாதிரி தப்பா ஒரு தடவை அமுக்கிக் காட்டு."

சாந்துக் கரண்டியை எடுத்துப் பக்கத்துக் காலி இடுக்கில் வைத்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். முழங்கை இடித்தது. மறுபடி வைத்தாள், கை தானாகச் சரியான பக்கமே போயிற்று. "வரலைங்க. இப்படி நின்னுக்கிட்டுத் தலைகீழா எப்படிப் பண்றது?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நின்றுகொண்டு முடியாது. தலைகீழாகத் தொங்கினால்?

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலிலிருந்து என் மருமகளின் தலை எட்டிப் பார்த்தது.

"மாமா, அவர் உள் ரூம்ல மோதிரத்தை எடை பார்க்கப் போனாரு. வந்து, இது தங்கமே இல்லைன்னு சொல்லப் போறாரு. அப்புறம் உங்க புள்ளையை நான் சும்மா விட மாட்டேன்."

"அது வீட்டுல பேசிக்கலாம். கையைக் கீழ விடு."

குனிந்து கையை விட்டாள். விரல் நுனி நேராக அந்த வரியில் வந்து உட்கார்ந்தது.

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. கொத்தனாரையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு. கல் கிடைச்சிடுச்சுன்னு சொல்லு."

"கிடைச்சிடுச்சா?"

"போடும்மா!"

இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாரக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி, கீழே நின்று கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். காற்று வேறு எழும்பியது. ஜீப் வந்து நின்றதும் எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் கொத்தனார், இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே. தலை குனிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பாதி ஏணியிலேயே மூச்சு வாங்கினார். "பெருசு, விளையாட்டுனு வச்சுக்க, உன்னையும் சேர்த்து உள்ள போடுவேன்."

ஜன்னலில் கல்லுக்காரர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி. "என்ன சார் இங்க கூட்டம்? சாரத்தை இன்னும் எடுக்கலையா?"

"எடுத்துடலாம். சுரண்டும்மா" என்றேன்.

கொத்தனார் பெண்டாட்டி உளியை வைத்துத் தட்டினாள். சுண்ணாம்பு இன்னும் இறுகவில்லை, கட்டி கட்டியாக வந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நகத்தால் இழுத்தாள். மடித்த காகிதம். அதன் பின்னால் இன்னொன்று. பிரித்தால் உள்ளே மினுமினுவென்று கற்கள்.

இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். "சபாஷ் பெருசு! அவன் சாந்து, அவன் செவுரு, அவன் அடைச்ச இடம். இது போதும்யா எனக்கு. கேஸ் முடிஞ்சுது."

கொத்தனார் பெண்டாட்டி உளியோடு என் பக்கம் திரும்பினாள். "பாவி மனுஷா! என் புருஷனுக்கு விலங்கு மாட்டவா உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டேன்?"

"அந்த உளியைக் கீழ வை முதல்ல" என்றேன். "இன்ஸ்பெக்டர் சார், இந்தச் சாரம் இன்னிக்குப் போயிடும். நாளைக்கு இந்த இடத்துக்கு யார் கை எட்டும்?"

"யார் கையும் எட்டாது."

"அப்ப கொத்தனார் எதுக்கு இங்க ஒளிக்கணும்? பறந்து வந்து எடுப்பாரா?"

"ஜன்னல்லேர்ந்து எட்டும் சார்" என்று மருமகள் உள்ளேயிருந்து கையை விட்டுக் காட்டினாள். கல்லுக்காரர் தோளை இடித்துக்கொண்டுதான் காட்டினாள். "வீட்டுக்காரர் மாதிரி வசதியா நின்னு எடுத்துக்கலாம்."

நான் சரிவைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் தேங்கியதைச் சொன்னேன். மேலேயிருந்து தொங்கிக்கொண்டு அடைத்தவனுக்குக் கீழ் மேலாகத் தெரிந்திருக்கும், கொத்தனார் சுரண்டி வைத்துவிட்டுப் போன காலி இடுக்கும் ஜன்னல் விளிம்பில் விட்டுப்போன சாந்தும் கரண்டியும் கைக்கு எட்டின, அவ்வளவுதான் வேலை என்றேன். இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். பாதி நம்பினார்.

கல்லுக்காரர் சிரித்தார். "நல்லா இருக்கே. ஜன்னல் திறந்துதான் கிடந்தது. அவனே உள்ள ஏறி வந்து, என் ரூம்ல நின்னு, தொங்கிக்கிட்டு அடைச்சிருக்கலாமே?"

"சாரத்துல நிக்கறவர், அதை விட்டு ஜன்னல் வழியா உள்ள ஏறி, திரும்பி நின்னு, தலைகீழா தொங்கிப் பூசினாரா?" என்றாள் மருமகள். "கொத்தனாரா அண்ணே அவரு, வௌவாலா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? திருடன் புத்தி."

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. போலீசுக்குப் பிடித்தவனை விட மனசு வராது. என்னிடம் இருந்தது ஒரு சரிவும் கொஞ்சம் தண்ணீரும். கோர்ட்டில் அதைப் பாட்டிலில் பிடித்தா காட்ட முடியும்? 

காப்பாற்றியது கொத்தனார் பெண்டாட்டியின் கோபம். கையில் பெயர்த்த சாந்துத் துண்டை இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் புருஷன் பண்ணின வேலையா சார் இது? இதெல்லாம் ஒரு வேலையா? குருட்டுக் கழுதை மிதிச்ச மாதிரி இருக்கு! இதைப் பண்ணினவன் கையில கரண்டியைக் குடுத்தவனைச் செருப்பால அடிக்கணும்!"

"வாயை அளந்து பேசு" என்றார் கல்லுக்காரர். குரல் சட்டென்று மாறியிருந்தது. "குருட்டுக் கழுதையாம். ஓரத்தைப் பார்த்தியா? ஒரு பிசிறு இருக்கா? மேல உன் புருஷன் அடைச்சதைப் பாரு, பாதி எடத்துல சாந்து செங்கல் மேல ஈஷிக்கிட்டிருக்கு. அவன் வேலை எங்க, இது எங்க!"

சொல்லி முடித்த பிறகும் அவர் விரல் அந்த வரியைக் காட்டிக்கொண்டே இருந்தது.

 மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, மேல இருக்கறது கொத்தனார் வேலை. சரி. இதுவும் கொத்தனார் வேலைன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னீங்க? அப்ப எது எங்க? இது யார் வேலை?"

கல்லுக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் அதற்குள் ஒரு காலைத் தூக்கி ஜன்னலுக்கு உள்ளே வைத்துவிட்டார். அந்த உடம்புக்கு அவ்வளவு வேகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வியாபாரி பாவம், கல்லு போச்சுன்னு படுத்த படுக்கையா கிடக்கான்யா" என்று உள்ளே அவர் கத்துவது கேட்டது. பிறகு நாற்காலி விழுந்தது.

கொத்தனாரை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். மன்னிப்பு என்று எந்தப் போலீஸ்காரனும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் யாரையும் பார்க்காமல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏணியில் ஏறினார். மேல் வரிகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. தலையை ஆட்டினார். பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்தார். பாதி பெயர்த்த வரி, பலகையில் கிடந்த சாக்கு, பெண்டாட்டி.

"சாக்கு எதுக்கு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "மறைக்க."

"எதை?"

"நீ பண்ணினதுன்னு நெனச்சேன். பசியில."

கொத்தனார் மிச்சமிருந்த சாந்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கீழே ஜீப்பில் கல்லுக்காரரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள், அதற்குக்கூடத் திரும்பவில்லை.

"நான் திருடினேன்னு நெனச்சியா?"

"ஒரு நாளும் இல்ல. சத்தியமா."

"இதை நெனச்சிருக்க."

 நானும் ஜன்னலில் நின்ற மருமகளும் வேறு பக்கம் பார்த்தோம். அந்தப் பலகையில் எனக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

கொத்தனார் உளியை எடுத்து, மீதிச் சாந்தை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எறிந்தார். பிறகு பின்பக்கமாகக் கையை நீட்டினார். அவள் ஓடிப் போய்க் கலவையை எடுத்து வந்து அந்தக் கையில் வைத்தாள். அவர் விரலால் அளைந்து பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தி" என்றார்.

"உனக்கு எப்பவும் ஜாஸ்திதான்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே சாரக்காரர் கத்தினார். "யோவ், இப்பவாவது பிரிக்கலாமா?"

"கட்டுங்கண்ணே, கட்டுங்க!" என்று மருமகள் எட்டிப் பார்த்துச் சொன்னாள். "அவிழ்த்ததை எல்லாம் மறுபடி இறுக்கிக் கட்டுங்க. செவுத்துல கீழ் பாதி வேலை அப்படியே நிக்குது, தெரியலையா?"